டயாலிசிஸில் ரத்தசோகை: எரித்ரோபாய்டினா, டார்பெபோயட்டினா, மாத்திரையா?

ஹீமோகுளோபின் 8-க்குக் கீழே போனால் மதுரைப் பக்கத்து வீடுகளில் முதலில் வருவது சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்), முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம். டயாலிசிஸில் இருப்பவருக்கு இவை கைகொடுக்காது. சிறுநீரகம் சுரக்க வேண்டிய எரித்ரோபாய்டின் என்ற ஹார்மோன் குறைந்ததால்தான் ரத்தம் ஊறவில்லை. அதைச் சாப்பாட்டால் ஈடுகட்ட முடியாது. பேரீச்சையும் கீரையும் பொட்டாசியத்தையும், சுவரொட்டி பாஸ்பரஸையும் ஏற்றிவிடும்.

அந்த ஹார்மோனை ஈடுகட்டும் ஊசியை யோசிக்கும் முன் இரும்புச்சத்தைப் பாருங்கள். ஃபெரிட்டினும் (உடலில் சேமித்த இரும்பின் அளவு) டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷனும் (ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்ற கணக்கு) பார்க்காமல் ஊசி போட்டால் காசு கரைவதுதான் மிச்சம். சாச்சுரேஷன் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் எந்த ஊசியும் சரியாக எடுபடாது. இரும்பு மாத்திரையும் பெரும்பாலும் வீண். அழற்சியால் கூடும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன், குடலிலிருந்து இரும்பை ஏறவிடாது. நரம்பு வழி அயர்ன் சுக்ரோஸ்தான் நம்பகமானது: 100 மி.கி. மருந்தை 100 மி.லி. சலைனில் கலந்து, குறைந்தது 15 நிமிடம் ஏற்றி, அடுத்தடுத்த 10 டயாலிசிஸில் மொத்தம் 1000 மி.கி. காய்ச்சலோ கதீட்டர் தொற்றோ இருந்தால் அது அடங்கும்வரை நிறுத்த வேண்டும். ஒரே தடவையில் முடிந்துவிடும் என்று ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ் என்ற இன்னொரு இரும்பு ஊசியைக் கேட்பவர்கள் உண்டு. ஹீமோடயாலிசிஸில் அதன் ஒரு நாள் உச்சவரம்பு 200 மி.கி.தான், ஆகவே அந்த லாபம் இங்கே இல்லை.

எரித்ரோபாய்டின் வாரம் மூன்று முறை, கிலோவுக்கு 50 முதல் 100 யூனிட் என்பது தொடக்க அளவு. தோலுக்கடியில் போட்டால் மெஷின் லைனில் போடுவதைவிடக் கொஞ்சம் குறைந்த அளவே போதும். விலை மலிவு. சிக்கல், வாரம் இரண்டு டயாலிசிஸ் மட்டும் செய்பவரின் மூன்றாவது ஊசி. உசிலம்பட்டியிலிருந்தோ மேலூரிலிருந்தோ பஸ்ஸில் வருபவர் அதைச் சித்திரை வெயிலில் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டிய மருந்து அது. ஐஸ் பேக் நேரடியாகக் குப்பியில் பட்டு உறைந்துவிட்டாலும் கெட்டது. துணி சுற்றி வைக்க வேண்டும், குலுக்கக் கூடாது.

டார்பெபோயட்டினும் அதே வேலையைச் செய்யும் ஊசிதான்; எரித்ரோபாய்டினைவிட உடலில் ஏறக்குறைய மூன்று மடங்கு நேரம் தங்குகிறது. வாரம் ஒன்று போதும், டயாலிசிஸ் முடியும்போது நர்ஸே போட்டுவிடலாம். மாற்றும்போது வாரம் 8000 யூனிட் எரித்ரோபாய்டினுக்கு 40 மைக்ரோகிராம் என்பது வழக்கமான கணக்கு. தொலைவிலிருந்து வருபவருக்கு விலை கூடினாலும் இதையே சொல்வோம். தவறிய ஊசிகளைவிட மோசமான சிக்கனம் இல்லை. அரசு மருத்துவமனையில் எரித்ரோபாய்டின் தடையில்லாமல் கிடைக்கிறது, மருந்தும் நன்றாக எடுபடுகிறது என்றால் மாற்றத் தேவையில்லை.

உடலையே எரித்ரோபாய்டின் சுரக்கவைக்கும் டெசிடுஸ்டாட் மாத்திரைக்கு இந்தியாவில் 2022-ல் அனுமதி கிடைத்தது. புதிதாகத் தொடங்குபவருக்கு 100 மி.கி., வாரம் மூன்று முறை. ஃபிரிட்ஜ் வேண்டாம், இரும்பை உடல் பயன்படுத்துவதும் மேம்படும். ஆனால் நீண்டகால அனுபவம் குறைவு. இந்த வகை மருந்துகளில் ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறைவது பற்றிய கவலை உண்டு. புற்றுநோய் இருந்தவர்கள் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

ரத்தம் ஏற்றுவது அவசரத்துக்கு மட்டும். ஒரு பை ஹீமோகுளோபினை ஏறக்குறைய 1 கிராம் கூட்டும், சில வாரங்களில் கரைந்துவிடும். மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருப்பவருக்கு ஒவ்வொரு பையும் எதிர்ப்புப் புரதங்களை உண்டாக்கி, பொருத்தம் கிடைப்பதைக் கடினமாக்கலாம்.

எதை எடுத்தாலும் ஹீமோகுளோபின் இலக்கு 10 முதல் 11.5. “இன்னும் கொஞ்சம் ஏறட்டுமே” என்று கேட்காதீர்கள். இதயநோயுள்ள ஹீமோடயாலிசிஸ் நோயாளிகளிடம் ஹீமோகுளோபினை இயல்பு அளவுக்கு ஏற்றிப் பார்த்த அமெரிக்க ஆய்வு, அந்தப் பிரிவில் சாவும் மாரடைப்பும் கூடும் போக்கு தெரிந்ததால் பாதியில் நிறுத்தப்பட்டது. அது வெளியானது 1998-ல். இரண்டு வாரத்தில் 1 கிராமுக்கு மேல் ஏறினால் ஊசி அளவைக் கால் பங்கு குறைப்பார்கள். பிபி எகிறினாலும் உடனே சொல்லுங்கள்.

முழு அளவு போட்டும் ஏறவில்லையா? மருந்தை மாற்றும் முன் டயலைசரை (ரத்தத்தை வடிகட்டும் குழலை) பாருங்கள். முடிவில் ரத்தத்தைச் சரியாகத் திருப்பி விடாமல் குழாயில் சிவப்பு தங்கினால், ஏற்றிய இரும்பு அதோடு குப்பைக்குப் போகிறது. பிறகு டயாலிசிஸ் நேரம் போதுமா, பாராதைராய்டு ஹார்மோன் எவ்வளவு, கதீட்டரிலோ பல்லிலோ தொற்று உண்டா, மலம் கறுத்துப் போகிறதா என்று வரிசையாகக் கேட்க வேண்டும்.