மலையிறங்கும் மொரிஸுக்கு எந்த பிரேக் பாகம்?

பழைய கார்களுக்கு பிரேக் பாகம் செய்கிற வெளிநாட்டுக் கம்பனி ஒன்று, "இந்தத் தொகுதிச் சாமானில் பழுது இருக்கிறது, பாவிக்க வேண்டாம், திருப்பி அனுப்புங்கள்" என்று அறிவித்தால் நம் பக்கத்து கராஜ்களில் உடனே இரண்டு பேச்சு எழும். "புதுசே வேண்டாம், பழைய ஒறிஜினலைத் தேடிப் பிடிப்போம்" என்பது ஒன்று. "டிரம்மைக் கழற்றி வீசிவிட்டு டிஸ்க் போட்டுவிடுவோம்" என்பது மற்றது. இரண்டிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டுமே பழுது எங்கே வந்தது என்று பார்க்காமல் எடுக்கிற முடிவு. உண்மையில் நம் முன் இருப்பது நாலு வழி: புதுச் சாமான், பெட்டி உடைக்காத பழைய ஒறிஜினல், காரில் இருப்பதையே திருத்துவது, டிஸ்க்.

இந்த அலசலுக்கு மொரிஸ் மைனரையே வைத்துக்கொள்கிறேன். 1948இல் வெளிவந்து 1970களின் தொடக்கம் வரை இங்கிலாந்தில் செய்த கார். தோட்டத்துப் பெரிய கிளாக்கர் முதல் டவுன் கடை முதலாளி வரை வைத்திருந்த வண்டி, இன்றும் ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளைப் பக்கம் ஓடுகிறது. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய கார்களுக்கு மவுசும் கூடியது. ஒஸ்டின், மினி வைத்திருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

மொரிஸின் பிரேக் முழுவதும் ஒரே ஒயில் லைன். ஒயிலின் அழுத்தத்தில் வீல் சிலிண்டர் ஷூவைத் தள்ளி, வீலோடு சுற்றுகிற டிரம்மில் அழுத்தும். முன் வீல் ஒவ்வொன்றிலும் இரண்டு சிலிண்டர், பின் வீல் ஒவ்வொன்றிலும் ஒன்று, ஆக ஆறு. ஆறில் ஒன்று நன்றாகக் கசிந்தால் போதும், பெடல் தரையைத் தொட்டுவிடும். மிஞ்சுவது பின் வீலைப் பிடிக்கிற ஹேண்ட் பிரேக் மட்டும். இன்றைய கார்களில் இரண்டு லைன் இருப்பதால் ஒன்று போனாலும் பாதி பிரேக்காவது கைகொடுக்கும். மொரிஸில் அந்தத் தயவு கிடையாது.

மலையில் இதற்கு மேல் சூடு என்ற இன்னொரு பிரச்சினை. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். லபுக்கலை வழியாக றம்பொடைக்கு வரும்போது ஏறக்குறைய 900 மீற்றர் இறங்குகிறோம். நாலு பேரோடு ஒரு தொன் எடை வரும் கார் அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளியாகும் சக்தி, சுமார் 26 லீற்றர் பச்சைத்தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். செக்கன்ட் கியரில் வந்தால் அதில் பெரும்பங்கை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். டொப் கியரில் விட்டு பிரேக்கிலேயே கால் வைத்து வந்தால் கிட்டத்தட்ட எல்லாம் அந்த நாலு டிரம்மின் தலையில்தான். சூடேறிய டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகும், பெடல் நீளும். 2023 ஜனவரியில் நானுஓயா ரதெல்ல குறுக்குப் பாதையில் பஸ்ஸும் வேனும் முச்சக்கர வண்டியும் மோதி ஏழு பேர் இறந்ததை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட இறக்கங்களில் ஓடுகிற காருக்குத்தான் பாகம் தேடுகிறோம்.

பெட்டியில் வரும் புதுச் சாமான்

இன்று புதிதாகக் கிடைப்பதில் பெரும்பாலானது அந்தக் காலத்தில் மொரிஸுக்கு பிரேக் செய்த லொக்ஹீட் தொழிற்சாலையில் செய்தது அல்ல. வேறு வேறு நாடுகளில் செய்து, பழைய கார் பாகம் விற்கிற வியாபாரிகளின் பெட்டியில் அடைத்து வருகிறது. நல்லதும் உண்டு, மோசமும் உண்டு, வெளியில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல இருக்கும்.

பழுது வரக்கூடிய இடங்கள் மூன்று. சிலிண்டரின் துளையோ பிஸ்டனோ அளவு மாறியிருக்கலாம். ரப்பர் வாஷர் தரமில்லாமல் பிரேக் ஒயிலில் ஊதிப்போகலாம். ஷூவில் லைனிங்கை, அதாவது டிரம்மில் உரசுகிற பட்டையை, பிடித்திருக்கும் பசை விட்டுப்போகலாம். எனக்கு மூன்றாவதுதான் பயம். சிலிண்டர் கசிந்தால் பெரும்பாலும் முன்கூட்டியே தெரியும். ஒயில் குறையும், வீலின் உள்பக்கம் ஈரமாகும், பெடல் மெத்தென்று போகும். ஒட்டு விட்ட லைனிங் அப்படி ஒன்றும் சொல்லாது. துண்டு டிரம்முக்குள் சிக்கினால் வீல் ஒரேயடியாக இறுகும். நொறுங்கிப்போனால் அந்த வீலில் பிரேக்கே இல்லை. மழை பெய்த வளைவில் இரண்டும் ஒன்றுதான்.

இவ்வளவும் சொல்லிவிட்டு இந்த வழியின் பக்கமும் பேசவேண்டும். நாலு வழியில் இதற்கு மட்டும்தான் பாக இலக்கமும் தொகுதி இலக்கமும் இருக்கின்றன. பழுது தெரியவந்தால் அறிவிக்க ஒரு ஆள் இருக்கிறார். திரும்பப் பெறும் அறிவித்தல் வந்தால் "அந்தக் கம்பனி மோசம்" என்று எழுதிவிடுகிறோம். நான் அப்படி எடுப்பதில்லை. எந்தத் தொகுதி எப்போது, யாருக்குப் போனது என்று கணக்கு வைத்திருக்கிற கம்பனியால்தான் அறிவிக்கவே முடியும். பெயரில்லாத பிளாஸ்டிக் உறையில் வந்த ஷூவில் பசை விட்டால் யார் யாருக்குச் சொல்வது?

நம் ஊரில் இந்த நன்மை நழுவிப் போவது வேறு இடத்தில். சாமானை லண்டனில் இருக்கிற மச்சான் வாங்கி, லீவுக்கு வரும்போது சூட்கேஸில் கொண்டு வருவார். அறிவித்தல் வந்தாலும் அவருடைய மின்னஞ்சலுக்குத்தான் போகும். அவர் அதை விளம்பரம் என்று நினைத்து அழித்துவிடுவார். இங்கே கார் அதே ஷூவோடு கினிகத்தேனை இறக்கத்தில் போய்க்கொண்டிருக்கும். ஆகவே ஓடரில் உங்கள் மின்னஞ்சலையும் சேர்க்கச் சொல்லுங்கள். பெட்டியின் மூடியை, இலக்கம் தெரிகிற பக்கத்தோடு, பில்லையும் சேர்த்துப் படம் எடுத்து வையுங்கள். பெட்டியை வீசினால் தொகுதி இலக்கமும் அதோடு போய்விடும்.

"கொம்பனி சாமான், பெட்டி உடைக்காதது"

கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய கடை ஒன்றின் மேல் தட்டிலிருந்து, மங்கிய பெட்டியொன்றை இறக்கி, தூசியை ஊதி, "அண்ணே, கொம்பனி சாமான், பெட்டியே உடைக்கல்ல" என்று கையில் வைத்தால் யாருக்கும் மனம் இளகும். மெழுகுத் தாள், பழைய அச்செழுத்து, கனமான வார்ப்பு. உலோகம் உண்மையிலேயே நல்லது. ரப்பர்தான் சிக்கல்.

ரப்பர் பெட்டிக்குள் இருந்தாலும் கிழடு தட்டும். நாற்பது, ஐம்பது வருசம் கொழும்பு வெக்கையில் கிடந்த வாஷர் கையில் வளைத்துப் பார்த்தால் நன்றாக இருப்பது போலத் தோன்றும். பொருத்தினால் உதடு இறுகிப்போய் சில மாதத்தில் கசியத் தொடங்கும். சிலிண்டருக்குள்ளும் பார்க்கவேண்டும். துளைக்குள் டோர்ச் அடித்து, நகத்தால் மெதுவாக வருடினால் துருக்குழி நகத்தில் தட்டுப்படும். தட்டுப்பட்டால் அதில் எந்த வாஷர் போட்டாலும் நிற்காது. பழைய ஷூ என்றால் இன்னொன்றும் உண்டு. அந்தக் காலத்து லைனிங்கில் அஸ்பெஸ்டஸ் கலப்பது வழக்கம். இங்கிலாந்து 1999இல் அதை முழுதாகவே தடை செய்தது. அப்படிப்பட்ட ஷூ போட்ட டிரம்மைத் திறந்து காற்றுக் குழாயால் ஊதித் துப்புரவாக்குவது நம் கராஜ்களில் இன்னும் நடக்கிறது. ஈரத் துணியால் துடையுங்கள், ஊத வேண்டாம்.

விலையோ புதுச் சாமானைவிட ஏறிவிடும். ஆசைக்காகக் காசு கொடுக்கிறோமே தவிர, பாதுகாப்புக்காக இல்லை. உடலை மட்டும் வாங்கி உள்ளே புது ரப்பர் போடுவதென்றால் சரி. "பெட்டி உடைக்காதது" என்பதற்காக அப்படியே பொருத்தினால், நாலு வழியிலும் இதுதான் மோசம் என்பேன். இந்தச் சாமானைத் திருப்பிக் கேட்க இன்று யாரும் வரப்போவதில்லை.

பழையதையே திருத்துவது

காரில் இருக்கிற சிலிண்டரைக் கழற்றி, லேத்தில் கடைந்து, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அல்லது பித்தளையில் ஸ்லீவ் என்கிற உள்குழாயை இறக்கி, முதலில் இருந்த அளவுக்கே துளையைக் கொண்டுவந்து, புது ரப்பர் கிட் போடுவது ஒரு வேலை. ஷூவின் இரும்பைச் சுரண்டிப் புது லைனிங் அடிப்பது இன்னொன்று. இரண்டும் மலைநாட்டு டவுன்களில் காலங்காலமாக நடந்து வருகிற வேலைகள்தான். ஸ்லீவ் இறக்கிய சிலிண்டர் நம் ஈரக் காலநிலைக்கும் பொருத்தம். ஸ்டெயின்லெஸ், பித்தளை இரண்டும் வார்ப்பிரும்பு போல உள்ளே துருப்பிடித்துக் குழி விழாது.

லைனிங்கில் ஒட்டுவதா, ரிவெட் அடிப்பதா? ஒட்டினால் தடிப்பு முழுவதையும் பாவிக்கலாம். ரிவெட் அடித்தால் தலை தெரியும் முன் மாற்றவேண்டும், பிந்தினால் டிரம்மைக் கீறும். தொழிற்சாலைச் சூளையில் சரியான அழுத்தத்தில் ஒட்டியது என்றால் ஒட்டு நல்லது. நம் பட்டறைக்கு ரிவெட்தான். காரணம், பாஸ், அதாவது பட்டறை மெக்கானிக், செய்த வேலையைக் கண்ணால் பார்க்கலாம். ரிவெட் இறுகியிருக்கிறதா, லைனிங் இரும்போடு படிந்திருக்கிறதா, ஓரத்தில் வெடிப்பு இருக்கிறதா, எல்லாம் வெளியே தெரியும். பசை பிடித்ததா இல்லையா என்பதைப் பார்த்துச் சொல்ல முடியாது.

இந்த வழி முழுவதும் பாஸின் கையில் இருக்கிறது என்பதுதான் பலவீனம். பிரேக் சாமானை மண்ணெண்ணெயிலோ பெற்றோலிலோ கழுவுகிற பாஸ் என்றால் வேறு ஆளைப் பாருங்கள். அந்த எண்ணெய் கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் புது ரப்பர் ஊதிவிடும். மெதிலேற்றட் ஸ்பிரிட்டிலோ பிரேக் ஒயிலிலோதான் கழுவவேண்டும்.

டிஸ்க்

சூடு பற்றிய கவலைக்கு நேரான பதில் இதுதான். டிஸ்க் சூடானால் அதைப் பிடிக்கிற பிரேக் பேட் பக்கம்தான் தடிக்கும், டிரம் போல விலகாது. தண்ணீர் பட்டாலும் சீக்கிரம் காய்ந்துவிடும். மொரிஸ் மரீனாவின் முன் டிஸ்க்கை மைனரில் பொருத்துவது பழைய வழக்கம். ஆனால் டிஸ்க்கை மட்டும் மாட்டி வேலை முடியாது. பெடலை மிதித்தால் ஒயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரில், டிரம் பிரேக் என்றால், லைனில் கொஞ்சம் அழுத்தத்தைப் பிடித்து வைக்கிற வால்வு ஒன்று உண்டு. அதை எடுக்காவிட்டால் பேட் டிஸ்க்கை விடாமல் உரசி, இறக்கம் தொடங்கும் முன்பே சூடேறும். காலுக்கும் கூடுதல் பலம் வேண்டும். லைன் அப்போதும் ஒன்றுதான் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. மாஸ்டர் சிலிண்டரையும் இரட்டை லைனாக மாற்றினால்தான் செலவுக்கு அர்த்தம். மாற்றுகிறவர்கள் காப்புறுதிக் கம்பனிக்கு முன்கூட்டியே எழுத்தில் அறிவித்துவிடுங்கள்.

கிழமைக்குக் கிழமை கம்பளைக்கு இறங்கி ஏறுகிறவருக்கு இது தகும். ஏப்ரல் சீசனில் நுவரெலியா டவுனைச் சுற்றிக் காட்டுகிற காருக்குத் தேவையில்லை.

என் தெரிவு

ஒரே வழியில் முழுக் காரையும் முடிக்க நினைப்பது எனக்குச் சரிப்படவில்லை. வீல் சிலிண்டருக்குப் பழைய உடலில் ஸ்லீவ். ஷூவுக்குப் பழைய இரும்பில் ரிவெட் அடித்த லைனிங். ரப்பர் கிட்டும் பிரேக் ஹோசும் மட்டும் புதுசு, அதுவும் இலக்கம் போட்ட பெட்டியில், பில்லோடு. மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுபவரின் காலடியில் தரைக்கு அடியில் இருக்கிறது. முன் சஸ்பென்ஷனின் டோர்ஷன் பாரை விலக்காமல் அதன் போல்ட் வராது. அவ்வளவு வேலை இருப்பதால் அதற்கும் ஸ்லீவ் இறக்கி ஒரே தடவையில் முடிப்பதே மேல்.

எந்த வழியில் போனாலும் ஒயில் விடயத்தில் கஞ்சத்தனம் கூடாது. டொட் 3 ரக பிரேக் ஒயில் புதிதாக இருக்கும்போது 205 பாகை செல்சியஸ் வரையாவது கொதிக்காமல் தாங்கவேண்டும் என்பது விதி; ஈரம் இழுத்த பிறகு அது 140 வரை விழலாம். டொட் 4இல் இந்தக் கணக்கு 230, 155. ஒயில் கொதித்து ஆவியானால் ஸ்லீவும் ரிவெட்டும் ஒன்றும் செய்யாது. இரண்டு வருசத்துக்கு ஒருமுறை முழுதாக மாற்றுங்கள்.

சரி, உங்கள் காரில் இருக்கிற இலக்கமே அறிவித்தலில் வந்துவிட்டால்? "மெதுவாக டவுன் வரைக்கும் ஓட்டிப் போகலாம்" என்ற பேச்சுக்கு இடமில்லை. பாஸை வீட்டுக்குக் கூப்பிடுங்கள், இல்லாவிட்டால் லொறியில் ஏற்றுங்கள். இங்கே கடையில் வாங்கிய சாமான் என்றால் பில்லோடு கடைக்காரரிடம் போங்கள். தட்டிக்கழித்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் சொல்லலாம். வெளிநாட்டில் வாங்கியது என்றால் விற்றவருக்குப் படம் அனுப்பி, சாமானைத் திருப்பி அனுப்பவேண்டுமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் அதைக் கராஜில் விட்டுவராதீர்கள். பார்க்கப் புதுசாக இருக்கும் ஷூ தகர டப்பாவுக்குள் போய், ஆறு மாதம் கழித்து வேறொருவர் காரில் ஏறும். லைனிங்கைப் பெயர்த்து, இரும்பை கிரைண்டரில் இரண்டாக வெட்டிவிட்டு வாருங்கள்.