மியூசிக் பிளேயருக்கு 128 ஜிபி போதுமா, 512 வேண்டுமா?

நான் 128 ஜிபி கட்சி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே வரும் அலசல் அந்தப் பக்கம்தான் சாயும். கையடக்க மியூசிக் பிளேயர் ஒன்றை வாங்கிவிட்டு அதில் போட மெமரி கார்டு தேடிக்கொண்டிருந்தபோது, கோவையில் கணினி வேலையில் இருக்கும் அண்ணன் மகன், "எதற்கு அத்தை இவ்வளவு யோசனை? ஒரு டெராபைட்டே வாங்கிப் போட்டுவிடுங்கள், ஆயுசுக்கும் கவலையில்லை" என்றான். ஆயுசுக்கும் கவலையில்லாத பொருள் எதையும் நான் இதுவரை வாங்கியதில்லை. அதனால் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

போட்டியில் இருந்தவை மூன்று. உள்ளேயே 16 அல்லது 32 ஜிபி வைத்து, கார்டு போட வழியில்லாமல் வரும் சிறிய பிளேயர். கார்டு துளை உள்ள பிளேயரில் 128 ஜிபி. அதே பிளேயரில் 512 அல்லது அதற்கும் மேல்.

போனே போதாதா என்பவர்களுக்குச் சுருக்கமாக ஒரு பதில். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் 33 கிலோமீட்டரில், குஞ்சப்பனைப் பக்கம் வந்தால் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும். பல்லவி கேட்கும், சரணம் கேட்காது. முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளலாம்தான். ஆனால் என்னிடம் இருப்பவற்றில் பாதி எந்தச் செயலியிலும் கிடையாது. பக்கத்து ஹட்டியில் (படுகர் ஊரில்) கொடுத்த படுகர் பாடல் கேசட்டுகள், வானொலியிலிருந்து பிடித்த கச்சேரிகள், வீட்டுக் கல்யாணத்து நாகசுரம், அம்மா பாடிய தாலாட்டு எல்லாம் எங்கள் அலமாரியில் மட்டுமே இருப்பவை. அவற்றுக்குத்தான் இந்தப் பிளேயரே.

கணக்குக்கு வருவோம். "இத்தனை ஆயிரம் பாடல்கள் அடங்கும்" என்று பெட்டியில் போட்டிருப்பதை நம்பி எதையும் தீர்மானிக்க முடியாது. 2001இல் முதல் ஐபாட் வந்தபோது 5 ஜிபியில் 1,000 பாடல்கள் என்றார்கள். பொய்யில்லை, 160 கேபிபிஎஸ் (ஒரு விநாடி ஒலிக்கு இத்தனை கிலோபிட் என்ற அளவு) தரத்தில் நான்கு நிமிடப் பாடலாக வைத்துப் போட்ட கணக்கு அது. அதே பாடல்களைத் தரம் குறையாத ஃபிளாக் வடிவத்தில் வைத்தால் சுமார் 200 அடங்கும். பாடல்களை எண்ணுவதைவிட நிமிடங்களை எண்ணுவதே சரி. 128 கேபிபிஎஸ் எம்பி3 என்றால் நிமிடத்துக்கு ஒரு எம்பி. 320 என்றால் 2.4 எம்பி. சிடியில் இருப்பதை அப்படியே எடுத்தால் 10 எம்பிக்குச் சற்று மேல். அதையே ஃபிளாக் ஆக்கினால் பெரும்பாலும் 5 முதல் 7 எம்பி. 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் என்று விற்கிற உயர்தரக் கோப்புகள் நிமிடத்துக்கு 20 எம்பியைத் தொடும், தாண்டவும் செய்யும். மூன்று மணி நேரக் கச்சேரி ஒன்று 320இல் 430 எம்பி, ஃபிளாக்கில் ஒரு ஜிபிக்கும் மேல்.

இன்னொன்று. 128 என்று அச்சடித்த கார்டைக் கணினியில் செருகினால் 119 என்றுதான் காட்டும். யாரும் ஏமாற்றவில்லை. தயாரிப்பவர் ஆயிரத்தால் பெருக்குகிறார், விண்டோஸ் 1,024ஆல் வகுக்கிறது, அவ்வளவுதான்.

என் சேர்க்கை இது: ஏறக்குறைய 150 சிடிக்கள், ஃபிளாக்கில் 45 ஜிபி. பல ஆண்டுகளாகச் சேர்ந்த எம்பி3 கோப்புகள் 15 ஜிபி. கேசட்டுகள் சுமார் 200. இந்தக் கேசட்டுகளில்தான் 128ஆ 512ஆ என்ற வழக்கே இருக்கிறது. அவற்றை 192 கேபிபிஎஸ் எம்பி3யாக வைத்தால் 17 ஜிபி. மொத்தம் 77, கார்டில் மூன்றில் ஒரு பங்கு காலியாகக் கிடக்கும். அவற்றையும் ஃபிளாக்கில் வைத்தால் அவை மட்டுமே 75 ஜிபி. மொத்தம் 135 ஆகி 128இன் தலைக்கு மேல் போய்விடும்.

கேசட்டை ஃபிளாக்கில் வைப்பதில் ஒரு வேடிக்கை உண்டு. ஒலியில் திரும்பத் திரும்ப வரும் ஒழுங்கைக் கண்டுபிடித்துத்தான் ஃபிளாக் கோப்பைச் சுருக்குகிறது. டேப்பின் "உஸ்ஸ்" என்ற இரைச்சலில் ஒழுங்கே கிடையாது. அது சுருங்க மறுக்கும். மழைக்காலத்து ஈரத்தில் பூஞ்சை பிடித்து, துடைத்துத் துடைத்து ஓட்டிய பழைய கேசட் என்றால் இரைச்சல் அதிகம், கோப்பும் பெரிது. அரிசியோடு உமியையும் மூட்டை கட்டி, மூட்டை பெரிதாக இருக்கிறதே என்று பெரிய கிடங்கு தேடுவது போலத்தான் இது. சாதாரண கேசட்டில் மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் உள்ள இடைவெளி 50, 60 டெசிபெல். சிடியில் இருக்கும் 16 பிட் தரமே 96 டெசிபெல் வரை தாங்கும். ஆகவே கேசட்டை 24 பிட்டில் வைத்துக் கேட்பதில் காதுக்கு லாபம் எதுவும் இல்லை.

பழைய திரைப்பாடல்களில் எதிர்மாறான ஒரு லாபம் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை மோனோ. இடது வலது இரண்டிலும் அச்சாக ஒரே ஒலி இருந்தால் ஃபிளாக் அதைக் கண்டுகொண்டு ஏறக்குறைய பாதி இடத்திலேயே முடித்துவிடும். ஆனால் ஸ்டீரியோ டெக்கில் ஓட்டிப் பதிவு செய்தால் இரண்டு பக்கத்து இரைச்சலும் வேறு வேறாக இருக்கும், அந்தச் சலுகை போய்விடும். பதிவு செய்ததை மோனோவாக்கிவிட்டுப் பிறகு சேமித்தால் இடமும் மிச்சம், இரைச்சலும் ஓரளவு அடங்கும்.

இதனால் நான் எடுத்த முடிவு: கேசட்டுகளின் ஃபிளாக் பிரதி வீட்டு ஹார்டு டிஸ்க்கில். பிளேயரில் எம்பி3. பஸ் ஜன்னலோரத்தில் கேட்கையில் இரண்டுக்கும் வித்தியாசம் என் காதுக்குத் தெரியவில்லை. நல்ல ஹெட்போனோடு அமைதியான அறையில் உட்கார்ந்து கேட்பவர்களுக்குத் தெரியலாம். நான் அந்த ரகம் அல்ல.

உள்ளேயே நினைவகம் கொண்ட சிறிய பிளேயரை அதிகம் பேச வேண்டாம். 32 ஜிபியில் எம்பி3 மட்டும் வைப்பவருக்கு அது 200 மணி நேரத்துக்குக் குறையாமல் இடம் தரும்; காலை நடைக்குத் தாராளம். என் ஆட்சேபம் பாட்டரி பற்றியது. லித்தியம் பாட்டரி சில ஆண்டுகளில் தளர்ந்துவிடும். அன்று பிளேயரோடு சேர்ந்து உள்ளே இருக்கும் சேகரிப்பும் போகும். கார்டு என்றால் உருவி அடுத்த பிளேயரில் செருகிக்கொள்ளலாம். ஆண்ட்ராய்டில் ஓடும் பிளேயர்களில் இன்னொரு சங்கடம்: 32 ஜிபி என்று சொன்னாலும் கணிசமான பங்கை ஆண்ட்ராய்டே எடுத்துக்கொள்ளும். கார்டு துளை இல்லாத பிளேயரை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், இரண்டு முறை யோசித்து வாங்குங்கள்.

இனி என்னைப் பொறுத்தவரை வழக்கைத் தீர்த்துவைத்த விஷயம். கார்டில் எவ்வளவு அடங்கும் என்பதல்ல, கார்டு போனால் எத்தனை நேரத்தில் திரும்ப நிரப்ப முடியும் என்பதே என் கேள்வியாக இருந்தது.

மெமரி கார்டுகள் சொல்லிக்கொண்டு போவதில்லை. நேற்று பாடியது இன்று "கார்டு இல்லை" என்று காட்டும். சில கார்டுகள் கடைசி மரியாதையாக, எழுத மட்டும் மறுத்து, படிக்கவாவது விடும். அப்படி ஒரு நாள் வரும் என்று வைத்துக்கொண்டே வாங்க வேண்டும். பிளேயரின் யுஎஸ்பி வழியாகப் பாடல்களை ஏற்றும்போது எனக்கு விநாடிக்குச் சுமார் 12 எம்பிதான் கிடைக்கிறது. அந்த வேகத்தில் 128 ஜிபி நிரம்ப மூன்று மணி நேரம். இரவுச் சமையலுக்கு முன் செருகினால் படுக்கும் முன் முடிந்துவிடும். 512 நிரம்ப 12 மணி நேரம். ஒரு டெராபைட் என்றால் ஏறக்குறைய ஒரு முழு நாள். தனி கார்டு ரீடரில் நேரடியாக எழுதினால் வேகம் கூடும். ஆனால் கார்டின் மேலட்டையில் பெரிய எழுத்தில் போட்டிருப்பது படிக்கும் வேகம். எழுதும் வேகத்துக்கான உத்தரவாதம் ஓரத்தில் சிறிய குறியாக இருக்கும்: யு1 என்றால் விநாடிக்குக் குறைந்தபட்சம் 10 எம்பி, வி30 என்றால் 30.

சமவெளியில் 12 மணி நேரம் என்பது ஓர் இரவு. இங்கே ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அப்படிச் சொல்ல முடியாது. வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால், எங்காவது ஒரு சில்வர் ஓக் மரம் கம்பி மேல் சாய்ந்துவிடும். கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று மின்வாரியத்துக்கே தெரியாது. என்னிடம் இருப்பது மேசைக் கணினி, யுபிஎஸ் பெயருக்குத்தான். கார்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் நஷ்டம் அந்த ஒரு பாடலோடு நிற்காது. எந்தக் கோப்பு எங்கே என்று குறித்துவைத்திருக்கும் பட்டியலே குழம்பலாம். 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டுகள் வழக்கமாக வரும் எக்ஸ்ஃபாட் என்ற கோப்பு அமைப்பில், பாதியில் நின்ற வேலையைச் சரிசெய்ய உதவும் குறிப்பேடு கிடையாது. மூன்று மணி நேர வேலை என்றால் வெயில் அடிக்கும் ஒரு பகலில் முடித்துக்கொள்ளலாம்.

அடுத்தது இரட்டைப் பிரதி. ஒரே இடத்தில் இருக்கும் பாடலை இருக்கிறது என்றே நான் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. 128 கார்டு இரண்டு வாங்கி, ஒன்றைப் பிளேயரிலும் இன்னொன்றைக் கோவையில் அண்ணன் வீட்டிலும் வைத்திருக்கிறேன். இங்கே ஓடு ஒழுகி ஹார்டு டிஸ்க் நனைந்தாலும் பாடல்கள் அங்கே இருக்கும். நான் வாங்கிய அன்று இரண்டுக்கும் சேர்த்துக் கொடுத்தது ஒரு 512 கார்டின் விலையைவிடக் குறைவு. அண்ணன் வீட்டுக் கார்டைச் சும்மா பெட்டியில் போட்டு மறந்துவிடக் கூடாது. மின்சாரமே காணாமல் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் இந்த நினைவகங்களில் பதிந்திருப்பது மெல்லக் கசியும். அங்கே போகும்போதெல்லாம் எடுத்து வந்து, புதிதாகச் சேர்ந்தவற்றை ஏற்றித் திருப்பிக் கொடுக்கிறேன்.

பெரிய கார்டுகளில் போலிகள் அதிகம் என்பதும் என் மனத்தில் இருந்தது. குன்னூரில் தெரிந்தவர் ஒருவர் இணையத்தில் பாதி விலைக்கு 512 ஒன்று வாங்கினார். கணினி 512 என்றே காட்டியது. பாடல்களை ஏற்றினார், பெயர்கள் எல்லாம் வரிசையாகத் தெரிந்தன. கொஞ்ச தூரம் போனதும் பாடல்கள் ஊமையாகிவிட்டன. உள்ளே இருந்தது மிகச் சிறிய நினைவகம். பொய் அளவைச் சொல்லும்படி கார்டைத் திருத்திவைத்திருக்கிறார்கள். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள், லினக்ஸ் என்றால் எஃப்3, கார்டு முழுவதும் எழுதித் திரும்பப் படித்து இதைக் காட்டிக்கொடுக்கும். அந்தச் சோதனையும் அளவுக்கேற்ப நேரம் தின்னும்.

512 பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயிரம் சிடி வைத்திருப்பவர், உயர்தரக் கோப்புகளை விலைகொடுத்து வாங்கிச் சேர்ப்பவர் 128இல் திணறத்தான் செய்வார். 24 பிட் கோப்புகள் என்றால் அதில் 100 மணி நேரத்துக்கு மேல் அடங்குவது கடினம். நான்கு 128 கார்டுகளை மாற்றி மாற்றிப் போடலாமே என்று அவர்களிடம் சொல்ல மாட்டேன். 15 மில்லிமீட்டர் நீளமும் 11 மில்லிமீட்டர் அகலமும் உள்ள அந்தத் துண்டு, ஓடும் பஸ்ஸில் விரல் நுனியிலிருந்து நழுவினால் போனது போனதுதான். ஒரு டெராபைட் கார்டை நானே வைத்துப் பயன்படுத்தியதில்லை. அண்ணன் மகனின் பிளேயரில் பார்த்ததோடு சரி. புதிய பாடல்கள் சேர்த்தபின் அது பட்டியலைப் புதுப்பிக்க எடுத்துக்கொண்ட நேரத்தில் டீ போட்டுக் குடித்துவிட்டோம். அவனுக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. வேறு பிளேயரில் இது வேகமாகவும் நடக்கலாம்.

பட்டியல் என்றதும் நினைவுக்கு வருகிறது. எவ்வளவு இடம் இருந்தாலும் பெயர்கள் ஒழுங்காக இல்லாவிட்டால் பாடலைத் தேடி எடுக்க முடியாது. மலிவான பிளேயர்கள் பலவற்றில் தமிழ் எழுத்துக்குப் பதில் வெறும் கட்டங்கள்தான் வரும். என்னுடையதில் தமிழ் வருகிறது, ஆனால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. "கெ" என்பது க போட்டு அதன் பிறகு தனியாக ஒரு கொம்பு. பழகிவிட்டது. சில பிளேயர்கள் பாடல்களைப் பெயர் வரிசையில் காட்டாமல், கார்டில் ஏற்றிய வரிசையில் காட்டும்; பெயருக்கு முன் 01, 02 என்று போட்டு அதே வரிசையில் ஏற்றினால் கச்சேரி மங்களத்தில் தொடங்காது. 77 ஜிபிக்கு இந்த வேலையைச் செய்து முடித்தேன். 500க்குச் செய்யும் பொறுமை எனக்கு இல்லை.

128ஓ 512ஓ, கார்டு வாங்கும் முன் உங்கள் பிளேயர் எதுவரை ஏற்கும் என்று கையேட்டில் பாருங்கள். பழைய பிளேயர்கள் சில 32 ஜிபியோடு நிறுத்திக்கொள்ளும். அவற்றில் சில, 128 கார்டை ஃபாட்32 அமைப்பில் வடிவமைத்துக் கொடுத்தால் வாயை மூடிக்கொண்டு ஏற்கும். விண்டோஸின் வழக்கமான ஃபார்மட் சாளரம் 32 ஜிபிக்கு மேல் ஃபாட்32 தராது என்பதால், அதற்கென்று இருக்கும் சிறிய இலவச மென்பொருள் ஒன்று தேவைப்படும். அந்த வேலையைப் பாடல்களை ஏற்றுவதற்கு முன்பே செய்துவிடுங்கள், ஏனென்றால் வடிவமைக்கும்போது கார்டில் இருப்பது அத்தனையும் அழிந்துவிடும்.