உப்புக்காத்துக்கு நிண்டு பிடிக்கிற பேஸ் ஸ்ட்ரிங்: டடாரியோ குரோம்ஸ், ஏழு மாசம் வாசிச்ச பிறகு

திருகோணமலையில பேஸ் கிற்றார் வச்சிருக்கிற ஆக்களுக்கு உதவும் எண்டுதான் எழுதுறன். எண்பதுகள்ல இருந்து வாசிக்கிறன், ரொக் பாண்ட், கலியாண வீட்டு பாண்ட், கார்னிவல் மேடை எண்டு நாலைஞ்சு குழு மாறியாச்சு, கூட வாசிச்ச பொடியள்ல அரைவாசிப் பேர் இப்ப கனடா, லண்டன்ல, என்ர கையில இருக்கிறது மட்டும் மாமா கப்பல்ல வேலை செய்யேக்க கொண்டுவந்து தந்த அதே யமஹாதான்.

எங்கட வீடு டச்பே கடற்கரைப் பக்கம். இவ்வளவு காலமும் ரவுண்ட்வவுண்ட், அதாவது வட்டக் கம்பி சுத்தின ஸ்ட்ரிங்தான் போட்டனான், ரொக் எண்டா அந்தக் கிணீர் சத்தம் வேணும் எண்டு ஒரு பிடிவாதம். 1966ல ரோட்டோசவுண்ட் கொம்பனியும் த ஹூ பாண்ட் ஜோன் என்ட்விசிலும் சேர்ந்து கொண்டுவந்த சத்தம் அது, அதுக்கு முதல் பேஸ் எண்டா அனேகமா ஃபிளாட்வவுண்ட், அதாவது தட்டை நாடா சுத்தின ஸ்ட்ரிங்தான். ஆனா எங்கட ஊர்ல ரவுண்ட் கம்பி சுத்தின இடுக்குக்குள்ள வேர்வையும் உப்பும் போய் ஒட்டிக்கொண்டிடும், மூண்டு கிழமையில சத்தம் செத்துப்போகும், வாசிச்சு முடிய விரல் நுனி கறள் நிறத்தில இருக்கும், சோப்புப் போட்டுக் கழுவினாலும் சாப்பிடேக்க அந்த இரும்பு மணம் வரும். சண்டைக் காலத்தில கொழும்பில இருந்து சாமான் வராது, அப்ப ஸ்ட்ரிங்கைக் கழட்டி தண்ணில அவிச்சு வெயில்ல காயவச்சுத் திரும்பப் போடுவன். அழுக்கும் எண்ணையும் போறதால ரெண்டு நிகழ்ச்சிக்கு சத்தம் திரும்பி வரும், பிறகு பழையபடிதான். அம்மா அதுக்கெண்டே ஒரு பழைய சட்டியை ஒதுக்கித் தந்தவ.

ஏழு மாசத்துக்கு முதல்தான் டடாரியோ கொம்பனியின்ர குரோம்ஸ் எண்ட ஃபிளாட்வவுண்ட் போட்டன், 45-65-80-100 செட் (நாலு கம்பியின்ர தடிப்பு, இஞ்சியில ஆயிரத்தில ஒரு பங்குக் கணக்கு). வட்டக் கம்பிக்குப் பதிலா தட்டையான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நாடா சுத்தினது, உப்பு போய் இருக்கிறதுக்கு இடுக்கே இல்லை. வாசிச்சு முடிய பழைய சாரத் துண்டால ஒருக்கா துடைக்கிறன், அவ்வளவுதான், இண்டைவரைக்கும் ஒரு பொட்டுக் கறள் இல்லை. விரலை இழுக்கேக்க வாற கீச்சுச் சத்தமும் இல்லை, ஃபிரெட்டும் (நெக்கில குறுக்கால பதிச்ச உலோகக் கம்பி) அவ்வளவா தேயாது.

சத்தம்தான் முக்கியம். முதல் ரெண்டு கிழமை கொஞ்சம் கூர்மையா இருந்தது, பிறகு இறங்கி உருண்டு வந்திட்டுது. போன மாசம் உப்புவெளியில ஒரு கலியாணத்தில பழைய துள்ளிசைப் பாட்டுகள், மனோகரன், நித்தி கனகரத்தினம் ஆக்கள் பாடின காலத்துப் பாட்டுகள் வாசிச்சம், அந்த 6/8 தாளத்தில ஒவ்வொரு அடியும் விழுந்து உடனே அடங்குது, அடுத்ததுக்கு இடம் விடுது. றம்ஸ் அடிக்கிற தம்பி இடைவேளையில வந்து “அண்ணை, அம்ப் மாத்தினீங்களோ?” எண்டு கேட்டான். “இல்லையடா தம்பி, ஸ்ட்ரிங்தான்” எண்டன். அண்டைக்கு இரவு எனக்கு நித்திரையே வரேல்ல, முப்பது வருசத்துக்கு மேல எங்கட பாட்டுக்கு இந்தச் சத்தத்தைக் குடுக்காம இருந்திட்டனே எண்டு.

ரொக்குக்கு சரிவராது எண்டு சொல்லுறவை அயர்ன் மெய்டன் ஸ்டீவ் ஹரிஸைக் கேட்டுப் பாருங்கோ, அவர் வாசிக்கிறது ஃபிளாட்வவுண்ட்தான். ஸ்லாப் அடிக்கிற, அதாவது கட்டை விரலால கம்பியில அடிச்சு வாசிக்கிற பொடியளுக்கு மட்டும் நான் சொல்ல மாட்டன், அந்த வெடிப்பு இதில வராது.

ஃபிளாட்வவுண்ட் அனேகமா கொஞ்சம் இறுக்கம், விலையும் கூட. எனக்கு நெக் முன்னுக்கு வளைஞ்சிட்டுது, அலன் கீயால ட்ரஸ் ரொட்டை (நெக்குக்கு உள்ள ஓடுற இரும்புக் கம்பி) கால் சுத்து இறுக்க சரியாயிட்டுது. ஒரேயடியா முறுக்காம ஒரு நாள் விட்டுப் பாருங்கோ. போடேக்க கட்டாயம் முதல்ல ஸ்ட்ரிங்கை நல்லா மடக்கிப்போட்டு அதுக்குப் பிறகு நுனியை வெட்டுங்கோ, மடக்காம வெட்டினா சுத்தின நாடா கழண்டு முழு ஸ்ட்ரிங்கும் பழுதாப்போகும். கம்பி அதிர்ற நீளம் 34 இஞ்சி இருக்கிற பேஸ் எண்டா லோங் ஸ்கேல் எண்டு பெட்டியில போட்டிருக்கோ எண்டு பார்த்து வாங்குங்கோ.