ஞாயித்துக்கிழமை சிக்கன் வாங்குறவங்க தயவுசெஞ்சு படிங்க

பெரம்பூர் பக்கம் ரெண்டு வருஷமா நாங்க வாங்குற கறிக்கடை. போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு செம கூட்டம், கோழி உரிச்சு தர நேரமாகும்னு சொல்லி மேடைல ஏற்கனவே வெட்டி வச்சிருந்ததுல இருந்து ஒரு கிலோ போட்டாரு. எப்பண்ணே வெட்டுனதுன்னு கேட்டேன், "காலைல வெட்டுனதுக்கா, ஃப்ரெஷ்ஷு"ன்னாரு. தொட்டா லேசா கொழகொழன்னு இருந்துச்சு, ஆனா வாடை இல்லையேன்னு நம்பி வாங்கிட்டேன்.

செவ்வாக்கிழமை விடியக்காலைல என் 4 வயசு பொண்ணுக்கு 103 ஜுரம், தண்ணியா போகுது, மதியத்துக்குள்ள மோஷன்ல நூல் மாதிரி ரத்தம். நாலு நாள் ஆஸ்பத்திரில ட்ரிப்ஸ். மோஷன்ல என்ன கிருமி இருக்குன்னு பாக்குற கல்ச்சர் டெஸ்ட் ரிசல்ட்ல சால்மோனெல்லாங்கற கிருமின்னு வந்துச்சு.

குழம்பு நல்லா கொதிச்சுதே டாக்டர்னு சொன்னேன். கறியோட உள்பக்கம் வரைக்கும் 74 டிகிரி செல்சியஸ் சூடு போனா கிருமி செத்துரும், பச்சையா வேற என்ன சாப்ட்டான்னு கேட்டாங்க. எனக்கு பக்குனுச்சு. கறி நறுக்குன அதே பலகைய சும்மா தண்ணில அலசிட்டு அதுலயே வெள்ளரிக்கா நறுக்கி குடுத்திருக்கேன். கறிய குழாய்க்கு கீழ வச்சு கழுவுனதும் தப்பாம், தெறிக்குற தண்ணி சிங்க், பாத்திரம்னு எல்லாத்துலயும் கிருமிய பரப்பிடுமாம்.

ரெண்டு வாரம் கழிச்சு காலைல ஏழு மணிக்கு அந்தக் கடைப்பக்கம் போனேன், இன்னும் ஒரு கோழி கூட வெட்டல, கடைப்பையன் தெர்மாகோல் பெட்டில இருந்து முந்தின நாள் மிச்சத்த எடுத்து மஞ்சத்தண்ணி பக்கெட்ல முக்கி மேடைல அடுக்குறான், பெட்டில ஐஸ் கரைஞ்சு வெறும் செவப்பு தண்ணி. ஓனர்கிட்ட கேட்டா "எங்க கறினாலதான்னு என்னக்கா ப்ரூஃப்"ங்கறாரு. ப்ரூஃப் இல்லதான். ஆனா பழசை காலைல வெட்டுனதுன்னு விக்கிறது பச்சை ஏமாத்து வேலை. உணவு பாதுகாப்புத் துறைல புகார் குடுத்திருக்கேன்.

ஒண்ணு நல்லா தெரிஞ்சுக்கங்க, சால்மோனெல்லா இருந்தா வாடை வரணும்னு இல்ல. கோழி குடல்லயே இருக்கற கிருமி, அதனால கண்ணு முன்னாடி வெட்டுன கறிலயும் இருக்கலாம், சென்னை வெயில்ல வெளிய கிடந்தா மளமளன்னு பெருகிடும். பச்சை முட்டை மயோனைஸை 2025 ஏப்ரல்ல நம்ம கவர்மென்ட் ஒரு வருஷம் தடை பண்ணதுக்கும் இந்தக் கிருமி ஒரு காரணம். கறிக்குன்னு தனி பலகை, தனி கத்தி வைங்க, ஃப்ரிட்ஜ்ல மூடி கீழ்த்தட்டுல வைங்க, கறி தொட்ட கைய சோப்பு போட்டு கழுவுங்க.

சின்ன குழந்தைக்கோ வயசானவங்களுக்கோ ஜுரத்தோட ரத்தம் கலந்து போச்சுன்னா மெடிக்கல்ல கேட்டு மோஷன நிறுத்துற மாத்திரைய குடுத்துடாதீங்க, ஓஆர்எஸ் குடுத்துக்கிட்டே நேரா ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு ஓடுங்க.