கியர் கை டிரில்: பர்மா தேக்கில் பல வருடம் சுற்றிய அனுபவம்

காரைக்குடி வட்டாரத்தில் பழைய வீட்டுக் கதவு, ஜன்னல், சுவர் அலமாரி பழுது பார்ப்பது என் தொழில். பையில் பேட்டரி டிரில் இருக்கிறது, நல்லதுதான். இருந்தாலும் பித்தளைக் கீல் மாட்டவோ தாழ்ப்பாள் பொருத்தவோ உட்கார்ந்தால் கை தானாகப் போவது பல் சக்கரம் வைத்த கை டிரில் பக்கம்தான். இரண்டு வைத்திருக்கிறேன். ஒன்று முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையில், துருப்பிடித்த பூட்டுகளுக்கு அடியில் கிடந்தது. இங்கிலாந்தில் செய்தது. மற்றது புதிது, நம் நாட்டு வார்ப்பு, சில நூறு ரூபாய்க்குக் கிடைத்தது. இரண்டையும் ஒரே வேலையில் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

கை டிரில் பற்றி யார் கேட்டாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "கியர் எத்தனைக்கு ஒன்று?" விகிதம் கூடினால் துளை சீக்கிரம் விழும் என்ற நினைப்பு. கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்க்கலாம். என் பழைய டிரிலின் பெரிய சக்கரத்தில் 60 பல், கீழே துளை போடும் பிட்டைப் பிடித்திருக்கும் 'சக்'கைச் சுழற்றும் சின்னச் சக்கரத்தில், அதாவது பினியனில், 15 பல். கைப்பிடி ஒரு சுற்று சுற்றினால் பிட் நான்கு சுற்று. மூச்சு வாங்காமல் நிமிடத்துக்கு 70 சுற்று சுற்றலாம் என்றால் பிட் 280 சுற்று ஓடும். ஒரு சுற்றுக்குப் பிட் 0.1 மில்லிமீட்டர் இறங்கினால் நிமிடத்துக்கு 28 மில்லிமீட்டர் ஆழம். அதே வேகத்தில் 0.2 இறங்கினால் 56. ஆக, பாதி விஷயம் சுற்று எண்ணிக்கையில் இருக்கிறது, மீதிப் பாதி ஒவ்வொரு சுற்றுக்கும் பிட் எவ்வளவு கடிக்கிறது என்பதில் இருக்கிறது.

விகிதத்தை ஆறாகக் கூட்டினால் என்ன ஆகும்? பிட் 420 சுற்று ஓடும், சரி. ஆனால் முறுக்கு விசை அந்த அளவுக்குக் குறையும். நான்குக்கு ஒன்று என்றால் கைப்பிடியில் நாம் கொடுக்கும் முறுக்கில் கால் பங்குதான் பிட்டுக்குப் போகிறது. ஆறுக்கு ஒன்றில் ஆறில் ஒரு பங்கு. 2 மில்லிமீட்டர் பிட்டுக்கு அது போதும். 6 மில்லிமீட்டர் பிட் தேக்கில் பாதி இறங்கியதும் கைப்பிடி அப்படியே நின்றுவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினால் மணிக்கட்டு வலிதான் மிச்சம். கியர் சக்தியை உண்டாக்குவதில்லை, நம் கையில் இருப்பதை வேறு மாதிரி பிரித்துக் கொடுக்கிறது, அவ்வளவுதான். கீல் வேலைக்கு மூன்றரையிலிருந்து நாலரை வரை உள்ள விகிதம்தான் எனக்குச் சரியாக வருகிறது.

வேகத்தைத் தின்பது வேறு இடத்தில் ஒளிந்திருக்கிறது. டிரிலை மரத்தில் வைத்து மேலிருந்து உடம்பை சாய்த்து அழுத்துகிறோம் இல்லையா, அந்த அழுத்தம் முழுவதும் பினியனுக்குப் பின்னால் ஓர் இடத்தில் போய் உட்காருகிறது. நல்ல டிரிலில் அங்கே சின்னச் சின்ன இரும்புக் குண்டுகள் வைத்த பேரிங் இருக்கும். மலிவான டிரிலில் ஒரு வாஷர், சிலதில் அதுகூட இல்லை, வார்ப்பின் முகத்திலேயே உரசும். புதிய டிரிலில் எனக்கு நேர்ந்தது இதுதான். காற்றில் சுற்றினால் வழுக்கிக்கொண்டு ஓடும். மரத்தில் வைத்து அழுத்தினால் கைப்பிடி கனக்கும். பிட் கடிப்பதற்காக இன்னும் அழுத்தினால் இன்னும் கனக்கும். கடைக்காரரிடம் சொன்னால் "எண்ணெய் விடுங்க" என்றார். எண்ணெய் விட்டால் ஒரு நாள் ஓடும், மறுநாள் அதே கதை. கடைசியில் லேத் பட்டறையில் கொடுத்து, தண்டை ஒரு துளி கடைந்து, இரண்டு கெட்டியான வாஷருக்கு நடுவே குண்டுகள் உட்காருகிற மாதிரி செய்துகொண்டேன். அதற்குப் பிறகு அழுத்தினாலும் கைப்பிடியின் கனம் பெரிதாக மாறவில்லை. விகிதம் அதேதான், துளை விழும் நேரம் மட்டும் கண்ணுக்குத் தெரிகிற அளவு குறைந்தது.

அடுத்தது இரட்டைப் பினியன். பழைய டிரிலில் பெரிய சக்கரத்துக்குக் கீழே ஒன்று, நேர் மேலே ஒன்று என்று இரண்டு சின்னச் சக்கரங்கள் இருக்கின்றன. முதலில் பார்ப்பவர்கள் இரண்டும் சேர்ந்து பிட்டைச் சுழற்றுகின்றன என்று நினைப்பார்கள். அப்படி இருக்க முடியாது, மேலே உள்ளது எதிர்ப்பக்கமாகச் சுற்றும். அது சும்மா ஓடுகிற சக்கரம். அதன் வேலை வேறு: பாரம் ஏறும்போது கீழ்ப் பினியனின் சரிவான பற்கள் பெரிய சக்கரத்தை வெளியே தள்ளப் பார்க்கும். கீழ் விளிம்பு வெளியே போனால் மேல் விளிம்பு உள்ளே சாய வேண்டும். அங்கே மேல் பினியன் நின்று தடுக்கிறது. சக்கரம் நேராக நிற்கும், பற்கள் முழு ஆழத்துக்குக் கடித்திருக்கும்.

புதிய டிரிலில் ஒரே பினியன்தான். 5 மில்லிமீட்டர் பிட்டோடு கொஞ்சம் அழுத்தினால் பெரிய சக்கரம் விலகி, "டக்" என்று ஒரு பல் தாண்டும். அந்தத் தாண்டலில் பிட் உதறி, துளையின் வாய் நீள்வட்டமாகிவிடும். கீலின் ஸ்க்ரூத் தலை அதை மறைத்துவிடும் என்றாலும் மனசுக்குப் பிடிக்காது. பினியன் கடிக்கிற இடத்துக்குப் பின்னால் சக்கரத்தின் முதுகில் உரசி ஓடுகிற மாதிரி ஒரு சின்னப் பேரிங்கைச் சட்டத்தில் போல்ட் போட்டு நிறுத்தினேன். பழைய டிரில்கள் சிலவற்றிலேயே இப்படி ஒரு உருளை இருக்கும். சக்கரத்தின் அச்சில் மெல்லிய வாஷர் ஒன்று சேர்த்துப் பற்களின் இடைவெளியையும் குறைத்தேன். ரொம்ப நெருக்கிவிடக் கூடாது, வார்ப்புச் சக்கரம் முழு வட்டமாக இருக்காது, ஒரு பக்கம் இறுகி ஒரு பக்கம் தளரும். கையால் மெதுவாகச் சுற்றி, எந்த இடத்தில் அதிகம் இறுகுகிறதோ அந்த இடத்தில்தான் அளவு வைக்க வேண்டும்.

60க்கு 15 என்பது மீதியில்லாமல் வகுபடுகிறது. அதனால் பினியனின் ஒவ்வொரு பல்லும் பெரிய சக்கரத்தின் அதே நான்கு பற்களைத்தான் திரும்பத் திரும்பச் சந்திக்கும். ஒரு பல்லில் பிசிறு இருந்தால் அந்த நான்கு பல்லும்தான் தேயும். பெரிய சக்கரத்தில் 61 பல் வைத்திருந்தால் தேய்மானம் எல்லாப் பற்களுக்கும் பரவும். இத்தனை வருடமாகச் சந்தையில் விற்கிறவர்கள் இதை ஏன் யோசிக்கவில்லை என்று எனக்கு ஒரு வருத்தம்.

மரத்துக்கு வருவோம். இந்தப் பக்கத்துப் பெரிய வீடுகள் பெரும்பாலும் 1850களிலிருந்து 1940கள் வரை எழும்பியவை. இந்தப் பக்கத்து வணிகச் சமூகமான நகரத்தார் பர்மாவில் கொடுக்கல் வாங்கல் நடத்திய காலம், தேக்கு அங்கிருந்து கப்பலில் வந்தது. 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததோடு அந்தக் கதை முடிந்தது. இந்த மரத்தில் எண்ணெய்ப் பசையும் உண்டு, கண்ணுக்குத் தெரியாத மணல் சத்தும் உண்டு. மணல் சத்து பிட்டின் கூர்மையைச் சாப்பிடும். எண்ணெய்ப் பசை தூளை உருட்டி பிட்டின் வரிகளில் அடைத்துவிடும். அடைத்த பிட்டை எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் சூடுதான் ஏறும், ஆழம் ஏறாது. ஒரு சென்டிமீட்டர் இறங்கியதும் முன்பக்கமாகவே சுற்றிக்கொண்டு வெளியே இழுத்து, தூளைத் தட்டிவிட்டு மறுபடி இறக்க வேண்டும். பார்ப்பவருக்கு நேரம் வீணாகிற மாதிரி தெரியும். நிறுத்தாமல் ஒரே மூச்சில் இறக்குகிறவரைவிட இப்படிச் செய்கிறவர்தான் முதலில் முடிப்பார்.

பிட் தேர்வும் முக்கியம். நடுவில் கூர்முனை உள்ள மரப் பிட் தேக்கில் அலையாமல் உட்காரும். முனையில் திருகு உள்ள பிட்டைக் கியர் டிரிலில் போடக் கூடாது. அந்தத் திருகு மரத்தைப் பற்றி இழுத்துக்கொண்டு தன் புரியின் அளவுக்கே இறங்கும், டிரிலின் முறுக்கு பத்தாமல் இறுகி நிற்கும். அதெல்லாம் கியர் இல்லாமல் வளைந்த தண்டைச் சுற்றுகிற பிரேஸுக்கு உரிய பிட்.

வில்லை இழுத்துச் சுற்றும் தமரூசி எங்கள் பெரியவர்கள் கையில் இருந்தது. அது போகும்போது ஒரு பக்கம், வரும்போது மறுபக்கம் சுற்றும். அதன் முனை சுரண்டுகிற முனை. வரி போட்ட இப்போதைய பிட் ஒரே திசையில் சுற்றினால்தான் சீவும். அமெரிக்காவில் ஸ்டீபன் மோர்ஸ் அந்த வகைப் பிட்டுக்கு 1863இல் காப்புரிமை வாங்கினார். ஒரே திசையில் நிற்காமல் சுற்றுகிற கியர் டிரில் அதற்குப் பொருத்தமான ஜோடி. மின்சாரக் கை டிரிலை ஜெர்மனியில் ஃபைன் கம்பெனி செய்தது 1895இல்.

சரி, பேட்டரி டிரில் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு? வருடம் முழுக்கப் பூட்டிக் கிடந்து, முன்னோரைக் கும்பிடுகிற படைப்புக்கோ கல்யாணத்துக்கோ மட்டும் திறக்கிற வீடுகள் இங்கே நிறைய. பங்காளிகள் பலர், மின் இணைப்பு யார் பொறுப்பு என்பதே முடிவாகாமல் இருக்கும். சார்ஜ் போட வழியில்லாத வளவு வீட்டில் நாள் முழுக்க வேலை என்றால் கை டிரில்தான் கதி. ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய காரணம் கையில் தெரிகிற உணர்வு.

கானாடுகாத்தானில் ஓர் அலமாரிச் சட்டத்தில் புதுக் கீலுக்குத் துளை போட்டுக்கொண்டிருந்தேன். பொன்னிறத் தூள் சுருண்டு சுருண்டு வந்துகொண்டிருந்தது. திடீரென்று கைப்பிடியில் ஒரு நறநறப்பு, அடுத்த சுற்றில் தூளின் நிறம் கறுத்து, நடுவே பொடிப் பொடியாக மினுமினுப்பு. நிறுத்திப் பார்த்தால் உள்ளே கொல்லர் அடித்த சதுர ஆணி ஒன்று, தலை முறிந்து புதைந்திருந்தது. பிட் முனை லேசாக மழுங்கியதோடு போயிற்று. பேட்டரி டிரிலாக இருந்தால் நான் உணர்வதற்குள் பிட் ஒடிந்து உள்ளேயே மாட்டியிருக்கும், பிறகு உளி வைத்துத் தோண்ட வேண்டும். செதுக்கு வேலைக்குப் பக்கத்தில் துளை போடும்போதும் இதே நிம்மதிதான். பிட் வழுக்கினால் கை நின்றுவிடும், அன்னப்பட்சியின் கழுத்தில் கோடு விழாது.

அந்த வீட்டு ஆச்சி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். "தம்பி, எங்க வீட்டு ஐஸ்கிரீம் வாளியிலயும் இதே மாதிரி பல்லுச் சக்கரம் வச்சிருந்துச்சு. சுத்தச் சொல்லி எங்களைத்தான் வெரட்டுவாக" என்றார்கள். "அதே கணக்குத்தான் ஆச்சி, அங்க ஐஸு, இங்க தேக்கு" என்றேன். "அதுல கடைசியில திங்க ஏதாச்சும் கெடைக்கும்" என்றார்கள். பதில் சொல்ல முடியவில்லை, காபி வந்தது.

பித்தளை ஸ்க்ரூ போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. காய்ந்த தேக்கில் வழித்துளை இல்லாமல் பித்தளையைத் திருகினால் தலை கையோடு வரும். எட்டாம் நம்பர் ஸ்க்ரூவுக்கு 3 மில்லிமீட்டர் பிட்டில் துளை போட்டு, அதே அளவு இரும்பு ஸ்க்ரூவை முதலில் திருகி எடுத்து, பிறகு பித்தளையில் கொஞ்சம் மெழுகு தடவி ஏற்றுவேன்.

பத்து மில்லிமீட்டருக்கு மேல் துளை வேண்டுமென்றால் இந்தச் சின்ன டிரிலோடு மல்லுக்கட்ட மாட்டேன். கூட வேலை செய்யும் ஆசாரி அண்ணனிடம் நெஞ்சில் அண்டக்கொடுத்துச் சுற்றுகிற பெரிய டிரில் இருக்கிறது. அதன் பெரிய சக்கரத்தில் இரண்டு வட்டமாகப் பற்கள், பினியனை மாற்றிக் கடிக்க விடலாம். ஒரு வட்டம் ஏறக்குறைய ஒன்றுக்கு ஒன்று, மற்றது வேகத்துக்கு. துளை வாயை வேகத்தில் திறந்து, கனம் ஏறியதும் மாற்றிக்கொள்ளலாம். யாராவது புதிதாக ஒரு கை டிரில் வடிவமைப்பதாக இருந்தால், சின்ன டிரிலிலேயே இந்த இரண்டு வட்டப் பல்லையும், குண்டு பேரிங்கையும், மேல் பினியனையும் சேர்த்துக் கொடுக்கட்டும். விலை இரண்டு மடங்கானாலும் வாங்குவேன்.

குறை என்றால் அந்த 'சக்'தான். பழைய டிரிலின் சக்கில் மூன்று தாடைகளுக்கும் பின்னால் இருக்கும் மெல்லிய ஸ்பிரிங்குகளில் ஒன்று ஒடிந்துபோனது. மாற்று எங்கும் கிடைக்கவில்லை, மெல்லிய ஸ்டீல் கம்பியைச் சுருட்டி வைத்து ஓட்டுகிறேன். இரண்டு டிரிலுமே ஒன்றரை மில்லிமீட்டருக்குக் கீழே பிட்டை நேராகப் பிடிக்காது. சின்ன ஆணிகளுக்கு நகை வேலைக்காரர்கள் வைத்திருக்கிற விரல் அளவுக் கைச் சக்கில் பிட்டை மாட்டி, அதன் தண்டை டிரிலில் பிடித்துக்கொள்கிறேன். கொஞ்சம் ஆடும், ஆனாலும் வேலை நடக்கிறது.