குழந்தைகள் பல் கிளினிக்: டாக்டர் அருமை, காத்திருப்புதான் கொடுமை

மகளுக்கு நாலு வயது. மேல் முன்பற்களில் பழுப்பு விழுந்ததால் திருச்சி தில்லைநகரில் உள்ள இந்த கிளினிக்குக் கூட்டிப்போனோம். அப்பாயின்ட்மென்ட் இருந்தும் வெகுநேரம் உட்கார வைத்தார்கள், செம எரிச்சல். ஆனால் டாக்டரம்மா எடுத்தவுடன் டிரில்லைத் தூக்கவில்லை. காலையிலிருந்து படுக்கும் வரை பிள்ளை என்னென்ன சாப்பிடுகிறாள், எத்தனை மணிக்கு என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை தடவை என்பதுதான் பெரிய விஷயமாம்: ஒவ்வொரு தடவையும் கிருமிகள் சர்க்கரையை அமிலமாக்கும், எச்சில் அதைச் சரிக்கட்ட அரைமணி நேரமாவது வேண்டும், அதற்குள் அடுத்த பிஸ்கட்டை நீட்டினால் பல்லின் மேல் ஓடான எனாமல் எப்படித் தேறும்? பல்லிடுக்கில் அப்பிக்கொள்ளும் சிப்ஸும் லேசுப்பட்டதில்லை. பாட்டி தரும் கடலை மிட்டாயைத் தடுக்கச் சொல்லவில்லை, மதியச் சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுங்கள் என்றார் (வீட்டில் சண்டை மிச்சம்). படுக்கையில் சர்க்கரை போட்ட பால் பாட்டில் மட்டும் கூடவே கூடாது, தூக்கத்தில் எச்சில் குறைந்துவிடும். அப்புறம் சொத்தையைத் தடுக்கும் ஃப்ளூரைடு வார்னிஷைப் பல்லில் பூசி, பட்டாணி அளவு பேஸ்ட் போதும் என்று பிரஷ்ஷில் வைத்தே காட்டினார். சனிக்கிழமை போகாதீர்கள், பைக் நிறுத்தக்கூட இடம் கிடைக்காது.