ரெட் ரிவர் பனிவெள்ளக் கணிப்பு: எந்த எண்ணை நம்பிக் கரை கட்டுவது?

அமெரிக்காவில் வடக்கு டகோட்டாவுக்கும் மினசோட்டாவுக்கும் நடுவே ஓடும் ரெட் ரிவர் வடக்கு நோக்கிப் போகிற ஆறு. தெற்கே பனி உருகித் தண்ணீர் இறங்கும்போது வடக்கே ஆறு இன்னும் உறைந்தே கிடக்கும். நிலமோ பழைய ஏரிப் படுகை. மைலுக்கு ஓர் அடி சரிவுகூட இல்லை, கரை தாண்டிய தண்ணீர் மைல்கணக்கில் பரவும். இந்தக் கரையில் குடியிருப்பவர்கள் பிப்ரவரியிலேயே பார்க்கத் தொடங்க வேண்டியது தேசிய வானிலைச் சேவையின் நீர்க் கணிப்புத் தளம்: வாட்டர் டாட் நோவா டாட் கவ். இப்போதைய வடிவம் 2024 மார்ச்சில் வந்தது. கட்டணம் இல்லை.

தளத்தின் உயிர் நிகழ்தகவு அட்டவணைதான். இன்றைய பனி, மண்ணின் ஈரம், மண் உறைந்திருக்கும் அளவு ஆகியவற்றைத் தொடக்கமாக வைத்து, கடந்த பல ஆண்டுகளின் வானிலையை ஒவ்வொன்றாக அதன்மேல் ஓட்டிப் பார்க்கிறார்கள். ஒவ்வோர் ஓட்டத்துக்கும் ஓர் உச்ச நீர்மட்டம் கிடைக்கும். அவற்றை வரிசைப்படுத்தி, 95 சதவீதத்திலிருந்து 5 சதவீதம் வரை, ஆறு தாண்டும் வாய்ப்புக்கேற்ற நீர்மட்டங்களாகத் தருகிறார்கள். கூடவே வழக்கமான ஆண்டுகளின் கணக்கும் இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டாலே இந்த வசந்தம் எப்படிப்பட்டது என்று பிடிபட்டுவிடும்.

பனியின் ஆழத்தை அளந்து பயனில்லை, அதற்குள் எவ்வளவு தண்ணீர் என்பதே கணக்கு. அதற்காகச் சிறு விமானம் 500 அடி உயரத்தில் பறந்து, மண்ணிலிருந்து இயல்பாக வெளிவரும் காமா கதிர்களை அளக்கிறது. மேலே தண்ணீர் கூடக் கூடக் கதிர் குறையும். பனி விழுமுன் பறந்து எடுத்த அளவோடு ஒப்பிட்டுத் தண்ணீரைக் கணக்கிடுகிறார்கள். மிக நேர்த்தியான வேலை.

பலர் தவறுவது 50 சதவீத எண்ணில். அதை ‘கணிப்பு’ என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஆறு அதைத் தாண்டுவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு என்பதுதான் அதன் பொருள். ஒற்றை எண்ணை நம்பினால் என்ன ஆகும் என்பதை 1997இல் இதே ஆற்றங்கரையில் உள்ள கிராண்ட் ஃபோர்க்ஸ் நகரம் கண்டது. அறிவிக்கப்பட்ட எண் 49 அடி. கூடுதலாக 3 அடி விட்டு 52 அடிக்குக் கரையை உயர்த்தினார்கள். ஆறு 54.35 அடிக்கு வந்தது, ஊரையே காலி செய்ய வேண்டியதாயிற்று. ஆகவே மணல் மூட்டைக்கு 10 சதவீத எண்ணைப் பாருங்கள். நிலவறைப் பொருட்களை மேலே ஏற்றுவதற்கும் வெளியேறும் திட்டத்துக்கும் 5 சதவீத எண்ணைப் பாருங்கள்.

அடுத்தது சில நாட்களுக்கான நீர்மட்ட வரைபடம். நன்றாகவே இருக்கிறது, ஆனால் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். ஒன்று, பனிக்கட்டி. கட்டிகள் அடைத்தால் நீர்மட்டம் ஏறும், ஓட்டம் ஏறியிருக்காது. மட்டத்தை வைத்துக் கணக்கிடும் கன அடி அப்போது பொய் சொல்லும், அடைப்பு எங்கே விழும் என்பதும் முன்கூட்டித் தெரியாது. இரண்டு, அடிக்கணக்கு. ‘38 அடி’ என்பது உங்கள் வாசலில் நிற்கும் ஆழம் அல்ல, ஆற்றின் அளவுகோலின் பூஜ்யத்திலிருந்து எண்ணியது. கடல்மட்டத்திலிருந்து அந்தப் பூஜ்யம் இருக்கும் உயரத்தோடு அதைக் கூட்டி, வீட்டின் கடல்மட்ட உயரத்தைச் சொல்லும் சான்றிதழோடு ஒப்பிட வேண்டும். உயரத்தை அளக்க 1929இன் அடிப்படை மட்டம், 1988இன் அடிப்படை மட்டம் என இரண்டு உண்டு; சான்றிதழ் எதன்படி என்று பாருங்கள். ஆற்றங்கரை நகரமான ஃபார்கோ பக்கம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஓர் அடி வித்தியாசம். அந்த ஓர் அடியில் வீடே மூழ்கிவிடும்.

அணையை நினைத்துத் தெம்பாக இருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஷயென் ஆற்றின் பால்ட்ஹில் அணையில் குளிர்காலத்திலேயே நீர்மட்டத்தை இறக்கி, பனித்தண்ணீருக்கு இடம் ஒதுக்குகிறார்கள். ஷயென் கரை ஊர்களான வேலி சிட்டிக்கும் லிஸ்பனுக்கும் அது பெரிய உதவி. ஆனால் ஷயென் ரெட் ரிவரில் சேருவது ஃபார்கோவுக்கு வடக்கே. ஃபார்கோ நகரக் கரைக்கு அந்த அணையை நம்பக் கூடாது.

சேவையின் பெரிய குறை வயல்வெள்ளம். ஆற்றை எட்டுமுன்பே சாலைகளுக்கு இடையில் தேங்கி வீட்டைச் சூழும் தண்ணீரை ஆற்றின் அளவுகோல் காட்டாது. சாலைக்கு அடியில் உள்ள குழாய்கள் பனிக்கட்டியால் அடைத்திருக்கின்றனவா என்று நேரில் போய்த்தான் பார்க்க வேண்டும்.

எங்கள் மதிப்பெண்: அட்டவணைக்கு 5க்கு 5, வரைபடத்துக்கு 4, வயல்வெள்ளத்துக்கு 1.

அட்டவணையைப் பார்த்ததும் மூட்டைக் கணக்கைப் போடுங்கள். 100 அடி நீளத்துக்கு 2 அடி உயரம் என்றாலே ஏறக்குறைய 2,000 மூட்டை வேண்டும். அடிப்பகுதியின் அகலம் உயரத்தைப் போல் மூன்று மடங்கு. பையை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள், நிரம்பிய பை படியாது. ஈர மணல் மூட்டையை வெளியே விட்டால் ஒரே இரவில் கல்லாகிவிடும். ஆறு 40.84 அடிக்கு ஏறிய 2009இல் ஃபார்கோவில் இதுவே பெரும் தொல்லையாக இருந்தது. உறைந்த மூட்டை ஒன்றோடொன்று பொருந்தாது, இடுக்கு வழியாகத் தண்ணீர் கசியும். மூட்டைகளைச் சூடான கொட்டகையில் அடுக்கிவைத்து, கரை கட்டும் நாளில் மட்டும் வெளியே எடுங்கள்.